கலிம்னோஸ் தீவின் மெக்கானிக்குகள்

ஆன்டிகிதெரா கருவியைப் பற்றி உங்களில் நிறைய பேர் படித்திருப்பீர்கள். கிரேக்கக் கடலடியில், மூழ்கிய கப்பல் ஒன்றில் கிடைத்த வெண்கலப் பற்சக்கரப் பொறி. வயது 2000 ஆண்டுகளுக்கு மேல். சூரியன், சந்திரன், கிரகணம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. "உலகின் முதல் கம்ப்யூட்டர்" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் ஆபீஸ் குரூப்பில் யாராவது ஃபார்வர்ட் பண்ணுவார்கள். இந்தத் தடவை வந்தபோது, சரி, ஒழுங்காகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

படித்ததில் ஒரு வரி மாட்டிக்கொண்டது. அந்தக் கப்பலிலிருந்து பொருட்களை வெளியே எடுத்தபோது குளியாட்களில் ஒருவர் இறந்தார், இரண்டு பேர் முடமானார்கள். அவ்வளவுதான். அடுத்த வரியே எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று போய்விட்டது. எனக்கோ பல் எண்ணிக்கையில் மனசு போகவில்லை. யார் இவர்கள்? கடலுக்கு அடியில் போய் வந்தவர் எப்படி முடமாவார்?

(நம்மூரில் முத்தோ சங்கோ எடுக்க மூழ்குகிறவரைக் குளியாள் என்போம். அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை, அதனால் பதிவு முழுக்க அதையே வைத்துக்கொள்கிறேன்.)

அவர்கள் தொல்லியல் துறை ஆட்கள் இல்லை. சிமி என்ற சின்னத் தீவைச் சேர்ந்த, கடற்பஞ்சு எடுக்கும் தொழிலாளர்கள். 1900-ம் வருஷம் வசந்தகாலம். டிமிட்ரியோஸ் கொண்டோஸ் என்ற கேப்டனின் படகுகள் புயலுக்கு ஒதுங்க ஆன்டிகிதெரா தீவோரம் நின்றன. சும்மா நிற்கும் நேரத்தில் இங்கே பஞ்சு கிடைக்குமா பார்ப்போம் என்று எலியாஸ் ஸ்டாடியாடிஸ் என்பவரை இறக்கினார்கள். அவர் கொஞ்ச நேரத்தில் மேலே வந்து, கீழே பிணங்களும் குதிரைகளுமாகக் குவிந்து கிடக்கிறது என்று உளறியிருக்கிறார். கேப்டனே இறங்கிப் பார்த்து, ஒரு வெண்கலச் சிலையின் கையோடு திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் கிரேக்க அரசு கடற்படைக் கப்பலோடு மீட்புப் பணியைத் தொடங்கியது. ஆனால் சுமார் 45 மீட்டர் ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் அதே சிமிக்காரர்கள்தான். 1902-ல் வலேரியோஸ் ஸ்டாயிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு துருக்கட்டியில் பற்சக்கரத்தைக் கவனித்தார். அவர் பெயரும் வரலாற்றில் இருக்கிறது, சக்கரமும் இருக்கிறது. எனக்கு அந்தக் குளியாட்களின் பின்னால் போகத் தோன்றியது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் பைபிள் படித்தவர்களுக்குக் 'கடற்காளான்' என்ற சொல் தெரிந்திருக்கும். சிலுவையில் இருந்த இயேசுவுக்குக் காடியில் தோய்த்துக் கோலில் மாட்டிக் கொடுத்தது அதுதான். பாடப்புத்தகத்தில் 'கடற்பஞ்சு' என்று படித்தோம். காளானும் இல்லை, பஞ்சும் இல்லை. அது ஒரு விலங்கு. பாறையில் ஒட்டிக்கொண்டு, நகராமல், உடம்பு முழுக்க உள்ள துளைகள் வழியாகக் கடல்நீரை இழுத்து வடிகட்டிச் சாப்பிடுகிற விலங்கு. கடலிலிருந்து எடுக்கும்போது கறுப்புத் தோலும் உள்ளே பால் மாதிரி கொழகொழப்புமாக இருக்கும். படகின் தளத்தில் போட்டுக் காலால் மிதித்து அந்தப் பாலை வெளியேற்றுவார்கள், கயிற்றில் கோத்துக் கடலில் தொங்கவிடுவார்கள், அடிப்பார்கள், திரும்ப அலசுவார்கள். கடைசியில் மிஞ்சும் மெத்தென்ற எலும்புக்கூடுதான் கடையில் விற்கும் ஸ்பாஞ்ச். படகு கரைக்கு வருவதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடுமாம்.

ஹோமரின் ஒடிஸியில் விருந்து மேசைகளை இந்தப் பஞ்சால்தான் துடைக்கிறார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள நூல் ஒன்றில், குளியாட்கள் மூச்சுவிடுவதற்காகக் கொப்பரையைக் கவிழ்த்துக் காற்றோடு கீழே இறக்குவது பற்றிக் குறிப்பு வருகிறது. அவ்வளவு பழைய தொழில். 19-ம் நூற்றாண்டில் இதன் மையம் டோடெகனீஸ் தீவுகள், துருக்கிக் கரையை ஒட்டிய கூட்டம். கலிம்னோஸ், சிமி, ஹால்கி, கஸ்டெல்லோரிசோ. 1912 வரை துருக்கி சுல்தானின் ஆட்சி, பிறகு இத்தாலி, 1948-ல்தான் முறைப்படி கிரேக்கத்தோடு இணைந்தன. மொட்டைப் பாறைத் தீவுகள். கலிம்னோஸ் படத்தைப் பார்த்தால் இங்கே என்ன விளையும் என்ற கேள்வியே எழாது. நிலம் சோறு போடாத ஊரில் ஆம்பளைகள் கடலுக்குள் போனார்கள்.

எப்படிப் போனார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒரு தட்டையான கல். சலவைக்கல்லோ கருங்கல்லோ, முனைகளை வழவழப்பாக மழித்து, மேலே ஒரு துளை போட்டுக் கயிறு கட்டியது. எடை ஏறத்தாழ 8 முதல் 14 கிலோ. பெயர் ஸ்காண்டலோபெட்ரா. குளியாள் உடம்பில் துணி இருக்காது, கழுத்தில் ஒரு வலைப்பை மட்டும். ஆழமாக மூச்சு இழுத்து, கல்லை இரண்டு கையாலும் தலைக்கு முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பாய்வார். கல் வெறும் பாரம் இல்லை, சுக்கானும் அதுதான். கொஞ்சம் சாய்த்தால் போகும் திசை மாறும். மேலே படகிலிருந்து பார்த்து வைத்த பாறைக்குக் குறி வைத்துப் போகலாம். அடியில் போய்ப் பஞ்சை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே இருக்கிற கூட்டாளி சரசரவென்று இழுத்துவிடுவார். இரண்டு, மூன்று நிமிஷம். 30 மீட்டர் ஆழமெல்லாம் சாதாரணம்.

மேலே கயிறு பிடிப்பவரைச் சும்மா எடுபிடி என்று நினைத்துவிடக் கூடாது. கயிறு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எங்கே நின்றது, என்ன அதிர்வு என்று கையாலேயே கீழே நடப்பதைப் படிக்க வேண்டும். குளியாளின் உயிர் அவர் விரலில்.

இந்தக் கல்லை வைத்து எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதற்கு ஒரு ஆதாரபூர்வமான கதை உண்டு. 1913-ல் ரெஜினா மார்கெரிட்டா என்ற இத்தாலியப் போர்க்கப்பல் கார்பதோஸ் தீவோரம் தன் நங்கூரத்தைத் தொலைத்தது. எடுத்துத் தருகிறேன் என்று வந்தவர் சிமிக்காரர் ஸ்டாதிஸ் ஹட்ஸிஸ். ஒல்லியான ஆள். கப்பல் டாக்டர்கள் பரிசோதித்தார்கள்: காது செவிப்பறை பழுது, நுரையீரலில் எம்பைசீமா. மூச்சை அடக்கச் சொன்னால் தரையில் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இவர் எங்கே போய்… என்று டாக்டர்கள் நினைத்திருப்பார்கள். அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு 70 மீட்டருக்கும் கீழே போய், நங்கூரத்தைக் கண்டுபிடித்துக் கயிறு மாட்டிவிட்டு வந்தார். மனித உடம்பால் அந்த ஆழத்தைத் தாங்கவே முடியாது என்று விஞ்ஞானிகள் இதற்குப் பிறகும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஹட்ஸிஸ் நங்கூரம் எடுத்த காலத்திலேயே கல் பழைய சமாச்சாரம். அதற்கு ஐம்பது வருஷம் முன்பே, 1863-ல், 'இயந்திரம்' வந்துவிட்டது.

சிமியைச் சேர்ந்த ஃபோடிஸ் மாஸ்டோரிடிஸ், உருண்டைச் செம்புத் தலைக்கவசமும் ரப்பர் பூசிய உடையும் ஈயச் செருப்பும் கொண்ட நீர்மூழ்கு உடையை ஊருக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் தொழில் செய்த அகஸ்டஸ் சீபே 1830களில் செம்மைப்படுத்திய வடிவம். மொத்த எடை ஏறத்தாழ 80 கிலோ. படகில் ஒரு கைப்பம்பு, அதிலிருந்து ஒரு குழாய். இரண்டு பேர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால் கீழே இருப்பவருக்குக் காற்று வந்துகொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் பயந்தார்களாம். அதனால் ஃபோடிஸின் மனைவி யூஜீனியா, அதுவும் கர்ப்பிணியாக இருந்தபோது, எல்லோர் கண் முன்னாலும் அந்த உடையை மாட்டிக்கொண்டு சிமி துறைமுகத்தில் இறங்கிக் காட்டினார் என்பது இன்றைக்கும் சிமியில் சொல்லப்படும் கதை. ஒரு புராடக்ட் டெமோ! துறைமுகத்தின் ஆழம் கொஞ்சம்தான், நேரமும் கொஞ்சம்தான். டெமோவில் எல்லாமே வேலை செய்யும், ப்ரொடக்‌ஷனில்தான் தெரியும் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் அடியில் நடந்து திரியலாம். கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டலாம். இந்த உடைக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்காஃபாண்ட்ரோ, பேச்சுவழக்கில் வெறும் 'மிகானி', அதாவது மெஷின். அதை மாட்டிக்கொண்டு இறங்குபவர் 'மிகானிகோஸ்', மெக்கானிக். சில வருஷங்களில் தீவுகளில் பணம் புரண்டது. லண்டன், பாரிஸ் குளியலறைகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு, குதிரை கழுவ, பானை வனைய, எல்லாவற்றுக்கும் பஞ்சு கேட்டார்கள். சிமி மாதிரிக் குட்டித் தீவில் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இன்றைக்கு அங்கே அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

சாவும் கூடவே வந்தது. 1867 பருவத்தில் இந்த உடையைப் போட்டு வேலை செய்த 24 குளியாட்களில் 10 பேர் இறந்துபோனதை பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் லெரோய் த மெரிகூர் பதிவு செய்திருக்கிறார். சிலர் உடனே. மற்றவர்கள் கால் செயலிழந்து, சிறுநீர் கழிக்க முடியாமல், வாரக்கணக்கில் கிடந்து.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இது புரியாமல் மிச்சக் கதை புரியாது.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குள் அழுத்தம் இருக்கும்வரை வாயு தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கோலியைத் தட்டினதும் புஸ்ஸென்று குமிழி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டரில் நம்மைச் சுற்றி இருப்பது தரையில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் பம்பு அனுப்பும் காற்றை ஒரு மணி நேரம் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் அது மெதுவாக நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால் உடம்பே சோடா பாட்டில். குமிழி மூட்டில் உண்டானால் தாங்க முடியாத வலி. முதுகுத்தண்டில் உண்டானால் இடுப்புக்குக் கீழே போச்சு.

கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவருக்கு இது ஏன் வரவில்லை? அவரிடம் இருந்தது ஒரே ஒரு நெஞ்சு நிறைய காற்று. கரைவதற்கு அதில் அவ்வளவு நைட்ரஜன் இல்லை, நேரமும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்பதே அவரை மேலே துரத்திவிடும். மூச்சுத்தான் அந்தத் தொழிலின் ரேட் லிமிட்டர். மெஷின் வந்து அந்தத் தடையை எடுத்துவிட்டது. அந்தத் தடைதான் காவலும் என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு கொடுமை: அடியில் இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. மேலே வந்து தலைக்கவசத்தைக் கழற்றி, உட்கார்ந்து, பேசிக்கொண்டிருக்கும்போது சில நிமிஷம் கழித்துத்தான் கால் மரக்கும். காரணம் ஒரு இடத்தில், விளைவு வேறு இடத்தில், நடுவில் ஒரு இடைவெளி. இப்படிப்பட்ட பக் எவ்வளவு கஷ்டமானது என்று எனக்குத் தெரியும். நாள் கணக்கில் தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன். என் தப்பில் சர்வர் விழும், அவ்வளவுதான்.

ஆனால் 'பாவம், அவர்களுக்குத் தெரியாது' என்று இந்தக் கதையை முடித்துவிட முடியாது. இங்கேதான் நான் படித்த பல சுற்றுலாக் கட்டுரைகளோடு எனக்குச் சண்டை. பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878-லேயே நைட்ரஜன் குமிழிதான் காரணம், மெதுவாக ஏறினால் தப்பலாம் என்று புத்தகமே போட்டுவிட்டார். 1908-ல் ஹால்டேன், பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் ஏறும்போது எங்கெங்கே எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று அட்டவணையே கொடுத்துவிட்டார். தீவு மக்களும் சும்மா இல்லை. உடை வேண்டாம் என்று மனு மேல் மனு. 1882-ல் சுல்தான் தடையே போட்டார். சில வருஷங்களில் அது நீர்த்துப்போனது. கலிம்னோஸில் வந்து குடியேறிய கார்ல் ஃப்ளேகல் என்ற ஐரோப்பியர் இதை ஒழிப்பதையே வாழ்க்கை வேலையாக எடுத்துக்கொண்டு, 1908-ல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மீன்வள மாநாடு வரை இந்த விஷயத்தைக் கொண்டுபோனார். மனிதர்கள் சாவது ஒரு பக்கம், இந்த வேகத்தில் எடுத்தால் பஞ்சுப் பாறைகளே மொட்டையாகிவிடும் என்பது அவர் வாதத்தின் இன்னொரு பக்கம். அது உண்மை. கரையோரப் பஞ்சு தீரத் தீர, கல் வைத்துக் குளித்தவருக்குப் பிழைப்பு போனது. உடை வேண்டாம் என்று நினைத்தவரும் கடைசியில் உடைக்குள்தான் போனார்.

ஆக, தெரியும். காரணம் தெரியும், தீர்வும் தெரியும். கயிற்றில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் நிற்கவில்லை?

பதில் கடலில் இல்லை, கரையில் இருக்கிறது. அதன் பெயர் பிளாட்டிகா. முன்பணம்.

தொழிலின் வருஷச் சுற்று இப்படி: ஈஸ்டர் முடிந்ததும் படகுகள் கிளம்பும். கிளம்புமுன் ஊரே கூடிச் சாப்பிட்டு ஆடிப் பிரியும் அந்த நாட்களுக்கு 'அன்பின் உறக்கம்' என்று பெயர். பிறகு எகிப்து, லிபியா, துனிசியா கரைகளில் கோடை முழுக்க வேலை. இலையுதிர்காலத்தில் திரும்புவார்கள். இடையில் இறந்தவர்கள் பலர் ஆப்பிரிக்கக் கரை மணலிலேயே புதைக்கப்பட்டார்கள். கப்பல் திரும்பும்போது துறைமுகத்தில் நிற்கிற பெண்ணுக்கு, படகு நெருங்கி முகங்களை எண்ணும்வரை தெரியாது.

பிளாட்டிகா கிளம்புவதற்கு முன்னாலேயே கொடுக்கப்படும். எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. ஆழம் போகிறவன் என்று பேர் வாங்கியவருக்குப் பெரிய தொகை. அந்தப் பணத்தில் போன வருஷ மளிகைக் கடன் அடையும், ஆறேழு மாசத்துக்கு வீட்டுக்கு ஒரு தொகை போகும். மிச்சத்தைக் குளியாட்கள் கிளம்புவதற்குள் குடித்தும் பாட்டுக்காரர்களுக்கு வாரி இறைத்தும் தீர்ப்பார்கள். ஊதாரிகள் என்று வெளியூர்க்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் உயிரோடு இருப்போமா என்று தெரியாதவன் எதற்குச் சேமிக்க வேண்டும்?

இப்போது கணக்கைப் பாருங்கள். கிளம்பும்போதே அவர் கடன்காரர். பஞ்சு எடுத்து அந்தத் தொகையை நேர் செய்தால்தான் அதற்கு மேல் வருவது அவருடையது. குறைந்தால் அடுத்த வருஷத்துக்குக் கடன் நிற்கும். கேப்டனும் சொந்தக் காசிலிருந்து முன்பணம் கொடுக்கவில்லை. அவர் வியாபாரியிடம் வாங்கியிருக்கிறார், அவருக்கும் கழுத்தில் கத்தி. படகில் இருப்பது ஒன்றோ இரண்டோ உடை, அதை மாற்றி மாற்றிப் பல பேர் போட வேண்டும். ஒருவர் ஏறும்போது கயிற்றில் அரை மணி நேரம் தொங்கினால், அந்த நேரம் முழுக்க உடை பஞ்சு எடுக்கவில்லை. அடுத்தவர் முறை தள்ளிப்போகிறது. ஹால்டேனின் அட்டவணை அந்தப் படகில் எங்கே உட்காரும்?

1960களில் கலிம்னோஸில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் ரஸ்ஸல் பெர்னார்ட், குளியாட்கள் எடுத்த அபாயத்துக்கும் இந்த முன்பண முறைக்கும் உள்ள முடிச்சைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். மெதுவாக ஏறுவது பயந்தாங்கொள்ளித்தனம், ஆம்பளைத்தனம் இல்லை என்று குளியாட்களே நினைத்தார்கள் என்பதும் சொல்லப்படுகிறது. கிரேக்கத்தில் 'லெவென்டியா' என்பார்கள், மிடுக்கு, வீரம். சுற்றுலாக் கட்டுரைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். நான் அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த வீரம் அதிக முன்பணம் வாங்கித் தருகிறதோ அந்த வீரம்தான் வளரும். பயப்படுகிறவன் என்று பேர் வந்தால் அடுத்த ஈஸ்டருக்கு அவன் விலை குறைந்துவிடும். வீரமும் சம்பளப் பட்டியலில் ஒரு வரி.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. முன்பணத்தை முதலாளிகள் திணித்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. குளியாட்களே அதைக் கேட்டார்கள். செத்துப்போனால் யாரிடம் போய்ச் சம்பளம் கேட்பது? இன்ஷூரன்ஸ் இல்லை, பென்ஷன் இல்லை. முதலில் கொடு, பிறகு இறங்குகிறேன் என்பது நியாயமான பேரம்தான். தொழில் ஆபத்தானது என்பதால் முன்பணம் கேட்டார்கள். முன்பணம் வாங்கியதால் தொழில் இன்னும் ஆபத்தானது. ஒன்று இன்னொன்றை ஊட்டி வளர்க்கிற சுற்று. இதில் எந்த இடத்தில் கையை வைத்து உடைப்பது என்று எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. சுல்தானின் தடையும் ஃப்ளேகலின் பிரசாரமும் உடையைக் குறிவைத்தன. 1920களில் உடைக்குப் பதிலாக ஃபெர்னே என்ற இலகுவான காற்றுக்குழாய்க் கருவியும், பிறகு கம்ப்ரஸரிலிருந்து வாய்க்கு நேரே குழாய் போகிற நார்கிலேயும் வந்தன. செம்புத் தலைக்கவசம் போனது, ஊனம் போகவில்லை. கருவி மாறியது, கடன் அப்படியே இருந்தது.

மேலே இருந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலிம்னோஸின் பெரிய பஞ்சு வியாபாரி நிகோலாஸ் வூவாலிஸ், லண்டனில் அலுவலகம் வைத்து உலகம் பூராவும் விற்றவர். அவர் மாளிகை இப்போது அருங்காட்சியகம். தீவின் பொது மருத்துவமனையும் அவர் கொடையால் வந்தது, இன்றும் அவர் பெயர்தான். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஊருக்கு நிறையச் செய்தவர். ஆனாலும் முடமான குளியாள் படுக்கும் கட்டிலும் பஞ்சுக் காசுதான் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

தொழில் எப்படி மங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1905-ல் ஜான் கோகோரிஸ் என்பவர் ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸில் இயந்திரக் குளிப்பை ஆரம்பித்ததும் தீவுகளிலிருந்து ஆட்கள் நூற்றுக்கணக்கில் அங்கே போனார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு செயற்கை ஸ்பாஞ்ச் கடைகளை நிறைத்தது. நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் மேடையில் இருக்கிறதே, அந்த வம்சம். எகிப்தும் லிபியாவும் தங்கள் கடலை வெளிப்படகுகளுக்கு அடைத்தன. 1950களிலிருந்து கலிம்னோஸ்காரர்கள் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குக் குடிபெயர்ந்தார்கள், இன்று அங்கே ஒரு பெரிய கலிம்னோஸ் சமூகமே உண்டு. மிச்சமிருந்ததை 1986-ல் மத்தியதரைக் கடலில் பரவிய பஞ்சு நோய் அரித்துவிட்டது. பாறையோடு பாறையாக அழுகிப்போயின.

இன்றைக்கும் கலிம்னோஸில் பஞ்சு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கை விட்டு எண்ணும் அளவுக்கு. துறைமுகக் கடைகளில் பஞ்சு குவிந்து கிடக்கும், ஆனால் அதில் நிறைய வெளிநாட்டிலிருந்து இறக்குமதி. தீவுக்கு வரும் பயணிகளில் பெரும்பகுதி இப்போது பாறை ஏறுகிறவர்கள்; 1990களில் ஒரு இத்தாலியர் அந்த மொட்டைச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்து மயங்கியதில் ஆரம்பித்தது. சோறு போடாத அதே பாறைதான் இப்போது போடுகிறது. ஸ்காண்டலோபெட்ராவும் திரும்ப வந்திருக்கிறது, போட்டி விளையாட்டாக. கல், கயிறு, மேலே ஒரு கூட்டாளி, எல்லாம் அதே விதிப்படி. முன்பணம் மட்டும் இல்லை.

கலிம்னோஸில் ஒரு ஆட்டம் உண்டு, 'மிகானிகோஸ்' என்றே பெயர். யூடியூபில் நிறைய இருக்கிறது, பாருங்கள். வரிசையாகக் கைகோத்து ஆண்கள் ஆடுவார்கள். முதல் ஆள் கையில் ஒரு கோல். மற்றவர்கள் தாளத்துக்குச் சரியாகக் காலெடுத்து வைக்க, அவர் கால் மட்டும் நடுங்கும். முட்டி மடியும், கோலை ஊன்றி நிமிர்வார், மறுபடி சரிவார். பின்னால் இருப்பவர் தாங்க வருவார், அவர் வேண்டாம் என்று தலையசைப்பார். தீவில் கால் இழந்த குளியாட்கள் கல்யாணங்களில் அப்படித்தான் ஆட முயன்றார்களாம், அதிலிருந்து பிறந்த ஆட்டம். முதல் தடவை பார்த்தபோது நடிப்பு கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று நினைத்தேன். நாலாவது வீடியோவில் கேமரா ஒரு நொடி ஓரமாகத் திரும்பியது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர், முட்டிக்கு மேல் கோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் கையால் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.